கடலுக்கு முதுகு காட்டி

ஏப்ரல் 9

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் நின்று இத்தனை நாளும் மேற்கே கடலைப் பார்த்தே முகில்களை வரைந்து வந்த நான், இன்றுதான் திரும்பி நின்றேன். முற்பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் கடற்காற்று உள்ளே புகுகிறது; சூடான நிலத்தின்மேல் அது மேலெழும்போது திரள்முகில்கள் உருவாகின்றன. அதனால்தான் கடலின் மேல் வானம் வெளித்துக் கிடக்க, கிழக்கே அவிசாவளைப் பக்கம் அவை ஒன்றின்மேல் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்தன. நான்கு மணிக்குப் பின் மேற்கு வெயில் அவற்றின் முகத்தில் நேரே விழுந்தது. இதையா இவ்வளவு காலம் பாராமல் இருந்தேன்!

ஏப்ரல் 10

நேற்றைய படம் பஞ்சுப் பொதிபோல் இருக்கிறது. பிழை அடிப்பகுதியில் உள்ளது. மேலெழும் காற்றுக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளியாகும் உயரம் ஒரு வெளி முழுவதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், முகில்களின் அடிகள் யாவும் ஒரே மட்டத்தில் தட்டையாக நிற்கும். தொடுவானத்தை நெருங்க நெருங்க அவை படிக்கட்டுப்போல ஒடுங்கும். நானோ எல்லாவற்றையும் உருண்டையாக வரைந்திருந்தேன். இன்று அடிகளை முதலில் வைத்தேன். அல்ட்ராமரைன் நீலத்துடன் பேர்ண்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்தால் கிடைக்கும் சாம்பல் நிறம் அவற்றுக்குப் போதும். கொழும்பின் ஈரக்காற்றில் நீர்வண்ணம் பூசிய தாள் எளிதில் உலராது. நிழல் ஓரங்களுக்கு அந்த ஈரம் உதவுகிறது, வெயில் படும் உச்சிகளுக்கோ உலர்ந்த தாளே வேண்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. விருந்தினர் வந்ததால் வரையவில்லை.

ஏப்ரல் 17

ஒரு முகில் இடிமுகிலாகி, உச்சி பனிக்கட்டித் துகள்களாய்ப் கொல்லன் பட்டடைபோல் பரந்ததை இருபது நிமிடங்களுக்குள் தாளில் பிடித்தேன். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் இலண்டனின் ஹாம்ஸ்டெட்டில் வரைந்த முகில் படங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதி வைத்தார். இன்று முதல் நானும் எழுதுகிறேன்: பிற்பகல் 4.40, காற்று மேற்கு.

மே 22

அம்மா சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டது. முகில்கள் இப்போது கடலிலிருந்தே கிழிந்து கிழிந்து வருகின்றன. சூரியன் அவற்றின் பின்னால் நிற்பதால் முகம் இருண்டு, விளிம்பு மட்டுமே ஒளிர்கிறது. கதிரையை மீண்டும் மேற்கே திருப்பினேன். படத்தின் பின்னால் எழுதியது: பிற்பகல் 5.10, காற்று தென்மேற்கு. வண்ணம் பூசாமல் தாளின் வெண்மையை விட்ட இடம் ஒரு கீற்று.