திருமலையில் நீர்ப்படம்: இதுவரை தேறியது

சட்டத்துக்குள் ஒரேயொரு கம்பு, மிச்சமெல்லாம் நீர்; ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து அலையை வழுவழுப்பாக்கி எடுப்பது. இப்படிப்பட்ட படத்துக்குத் திருகோணமலையின் உப்புவெளியும் நிலாவெளியும் தோதான கரை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் (தென்மேல் காற்று) தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் விடியப்புறம் கரையோர அலை அடங்கிக் கிடக்கும். மார்கழி வாடையில் அதே இடத்தில் நுரைதான் மிஞ்சும்.

எதை எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கட்டிப்போட்ட தோணி கண்ணுக்கு அழகு, பத்து செக்கனுக்குள் ஆடிக் கலங்கிவிடும். பாறை, நட்ட கம்பு, தொடுவானத்தில் புறாமலைத் தீவு என்று அசையாதவையே படத்தில் நிற்கும். கடற்படை முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8. ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து, மனுவலுக்கு மாற்றிய பிறகே ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டரைப் பூட்டவேண்டும். ஒரு ஸ்டொப் கூடினால் ஒளி பாதியாகும், நேரம் இரட்டிக்கும். 10 ஸ்டொப் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டோஃபோகஸ் தடுமாறும். ஃபில்டரில்லாமல் கமரா 1/8 செக்கன் காட்டினால் 10 ஸ்டொப்பில் 128 செக்கன். சூரியன் ஏறும் நேரம் வெளிச்சமும் கூடிக்கொண்டே போவதால் 90 செக்கனில் மூடுவது நல்லது. உதயத்துக்கு முன் 1 செக்கன் காட்டினால் 10 ஸ்டொப்புக்கு 17 நிமிடம் பிடிக்கும். 6 ஸ்டொப் போட்டால் 64 செக்கனில் முடிந்துவிடும். 30 செக்கனைத் தாண்டினால் ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைக்கும் பல்ப் மோட், கமராவைத் தொடாமல் அழுத்தக் கேபிள் ரிலீஸ். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரையும் மூடுங்கள், இல்லாவிட்டால் அதன் வழியே ஒளி கசிந்து படத்தில் ஊதா மங்கல் விழும்.

தொடுவானம் இரட்டைக் கோடாக வந்தால் குற்றம் லென்ஸில் இல்லை, மணலில். திரும்பும் அலை ட்ரைபொட் காலடியை அரித்துவிட, படம் பாதியில் இருக்கும்போதே கால் இறங்குகிறது. காலை அழுத்திப் புதைத்து, இரண்டு மூன்று அலை போகவிட்டுத் தொடங்கவேண்டும். பாரத்துக்குப் பையைத் தொங்கவிட்டால் அதன் அடி மணலைத் தொடட்டும்; அந்தரத்தில் ஆடும் பை காற்றைவிட மோசம்.

2 நிமிடப் படத்துக்குப் பிறகு படத்தில் விழும் புள்ளிகளை (இரைச்சல்) நீக்கக் கமரா இன்னொரு 2 நிமிடம் எடுக்கும். அந்த நாலு நிமிடமும் கைக்கு வேலையில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு அலை உடையும் இடத்தையே பார்த்திருந்தால் மூச்சு தானாக நிதானப்படும். வீட்டிலிருந்து மென்பொருளில் வேண்டாததை அழித்து வெறுமை வரவழைப்பவர்களுக்கு இது வாய்க்காது.

உப்புக் காய்ந்த ஃபில்டரை உலர்துணியால் தேய்த்தால் கீறும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றிவிட்டுத் துடையுங்கள். ட்ரைபொட்டின் கீழ்க்கணுவையும் கழற்றிக் கழுவாவிட்டால் மணல் ஏறித் திருகு இறுகிப்போகும்.