மைவிக்குப் புது ஹெட்லைட்

அக்டோபர் 5, 2024, சனி

நேற்று ராத்திரி ஷிப்டு முடிந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசிலிருந்து என் மைவி காரில் கிளம்பும்போது பதினொன்றரை. பாலத்தில் ஏறியதுமே மழை பிடித்துக்கொண்டது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். பாதி தாண்டுவதற்குள் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. சாலைக் கோடு தெரியவில்லை. இடது ஓரத்தில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போன ஒரு மோட்டார் சைக்கிள்காரர், கிட்டத்தட்ட பக்கத்தில் வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டார். அதை நினைத்துக்கொண்டே படுத்தேன், சரியாகத் தூக்கம் வரவில்லை.

காலையில் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு ஹெட்லைட்டும் உறைந்த நெய் மாதிரி மஞ்சளாக இருக்கின்றன. மேல் விளிம்பு சொரசொரப்பு. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி வருகிறது. 2008 மைவி, அப்பா ஓட்டி எனக்குக் கொடுத்தது. பதினாறு வருஷமாக வெயிலில்தான் நிற்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

சின்ன மாமா வீட்டுக்கு, புக்கிட் மெர்த்தாஜாமுக்குப் போனேன். வீட்டோடு சேர்ந்த சின்ன ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். "பசியாறிட்டியா"வுக்கு அடுத்த பேச்சே லைட்டைப் பற்றித்தான்.

இதை நான் முன்பே இரண்டு தடவை தேய்த்திருக்கிறேன். முதல் தடவை பற்பசை, மூன்று வாரம் தாங்கியது. போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் 800, 1500, 2000 நம்பர் உப்புத்தாள் வாங்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டேன். அன்றைக்குப் புதுசு போலப் பளபளத்தது. தைப்பூசம் வருவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது.

ஏன் என்று மாமா சொன்னார். ஹெட்லைட்டின் முகப்பு கண்ணாடியால் ஆனதில்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத் தின்றுவிடாமல் இருக்க, தொழிற்சாலையிலேயே மேலே மெல்லிசாக ஒரு கெட்டிப் பூச்சு கொடுத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சுதான் முதலில் மஞ்சளாகி வெடிக்கிறது. உப்புத்தாள் போட்டால் மஞ்சளோடு மிச்சப் பூச்சும் போய்விடும். அப்புறம் வெறும் பிளாஸ்டிக்தான் வெயிலைத் தாங்கவேண்டும். "தேய்ச்சது தப்பில்லம்மா. தேய்ச்சிட்டு மேல கிளியர் பூச்சு அடிக்காம விட்டதுதான் தப்பு."

சரி, இந்தத் தடவை கிளியர் அடித்துவிடலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் போன் டார்ச்சை ஹெட்லைட்டின் மேல் வைத்து உள்ளே பார்க்கச் சொன்னார். பல்புக்கு மேலே, வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும், வெள்ளிபோல மின்ன வேண்டிய ரிஃப்ளெக்டர், அடுப்படிச் சுவர் மாதிரிக் கறுத்திருந்தது. ஓரிடத்தில் பூச்சு செதில் செதிலாக உரிந்து தொங்கியது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் இது திரும்பாது.

பல்பைக் கழற்றியபோது காரணமும் தெரிந்தது. இந்தக் காருக்கு எச்4 பல்பு, 60/55 வாட்: தூரம் அடிக்க 60, டிம்முக்கு, அதாவது தாழ்ந்த வெளிச்சத்துக்கு, 55. உள்ளே இருந்தது 100/90. சொருகும் சாக்கெட் பழுப்பேறி ஒரு பக்கம் உருகியிருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று அப்பா எப்போதோ மாற்றியிருக்கிறார். அந்தச் சூட்டில் உள்ளே வெந்துவிட்டது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எதிர்ல வர்றவனெல்லாம் என்னைப் பார்த்து லைட்டு அடிச்சிட்டே போவான். ஏன்னு எனக்கு அப்ப தெரியல" என்றார். மங்கிய பிளாஸ்டிக் வெளிச்சத்தை நேராக விடாமல் நாலா பக்கமும் சிதறடிக்கிறது. எனக்குச் சாலை தெரியாததும் எதிரில் வருகிறவருக்குக் கண் கூசுவதும் அதனால்தான். இத்தனை வருஷம் அது எனக்கும் தெரியாது.

அக்டோபர் 9, புதன்

லீவு போட்டு மாமாவோடு உதிரிபாகக் கடைக்குப் போனேன். பழைய கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் ஹாஃப் கட் கடையில் பழசு எடுக்கலாமா என்று கேட்டதற்கு மாமா ஒப்புக்கொள்ளவில்லை. அதுவும் வெயிலில் கிடந்ததுதானே என்றார், நியாயம்தான். ஒரிஜினல், நான் வாங்கிய விலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேறு கம்பெனிகள் செய்யும் மாற்று ரகத்தில் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார் தவுக்கே, கடை முதலாளி. ஒன்று 160 வெள்ளி (ரிங்கிட்), இன்னொன்று தைவானில் செய்தது, 220.

விலை குறைந்ததை எடுக்கத்தான் கை போனது. மாமா தடுத்து, முகப்பின் கீழ் மூலையைக் காட்டினார். தைவான் ஜோடியில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்து, பக்கத்தில் ஓர் எண், அது தரச் சான்றுக் குறி; அதோடு மணி அரிசி அளவில் ஓர் அம்புக்குறி. விளக்கைப் பார்த்து நின்றால் அம்பு நம் வலது கைப் பக்கம் காட்டுகிறது. அப்படி இருந்தால் நம் நாடு மாதிரி சாலையின் இடப்பக்கம் ஓட்டும் இடத்துக்கான விளக்கு. அம்பு இல்லாவிட்டால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது, இரண்டு முனையிலும் கூர் இருந்தால் இரண்டுக்கும் ஆகும். இதை மாற்றி வாங்கினால் வெளிச்சத்தின் உயர்ந்த பக்கம் எதிரில் வருகிறவர் முகத்தில் போய் அடிக்கும். 160 வெள்ளி ஜோடியில் எந்தக் குறியும் இல்லை. அதை அப்படியே திருப்பி வைத்துவிட்டுத் தைவான் ஜோடியை எடுத்துக்கொண்டேன்.

கடைப் பையன் எல்இடி பல்பு போடச் சொல்லிக் கெஞ்சாத குறை. மாமா புது ஆலஜன் பல்பு ஒன்றை உறையோடு தூக்கிக் காட்டினார். டிம் எரியும் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. கீழே போகும் வெளிச்சத்தை மறைத்து, மேலே ஒரு கோடாக வெட்டுவது அதுதான். ரிஃப்ளெக்டரின் வளைவு அந்த இழை இருக்கும் இடத்துக்கென்று கணக்குப் போட்டுச் செய்தது. வேறு ஒன்றைச் சொருகினால் கணக்கு கலைந்துவிடும். 60/55 ஆலஜன் ஒரு ஜோடி, கூடவே புது சாக்கெட் இரண்டு வாங்கினேன்.

அக்டோபர் 12, சனி

மைவியில் ஹெட்லைட்டை எடுக்க முன் பம்பரைக் கழற்ற வேண்டும். நான் பயந்த அளவு இல்லை. பேட்டரி வயரை எடுத்துவிட்டு, மேலே கிளிப்புகள், சக்கர வளைவுக்குள் ஸ்க்ரூ, பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். நான் ஒரு பக்கம், மாமா மறுபக்கம். பழைய கிளிப் மூன்று உடைந்தன. லைட்டைப் பிடித்திருப்பது பத்தாம் நம்பர் போல்ட்.

வலது பக்கம் ஒழுங்காக உட்கார்ந்தது. இடது பக்கம் போல்ட் மாட்டும் ஒரு காது இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அச்சில் வார்த்தபோது ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பிசிர்தான் காரணம். மாமா அரத்தால் நான்கு இழுப்பு இழுத்ததும் சரியானது. மாற்று ரகத்தில் இதெல்லாம் இருக்கும், அதனால் பம்பரை மூடுவதற்கு முன்பே பொருத்தி எரியவிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. தோலின் எண்ணெய் ஒட்டிய இடம் மட்டும் அதிகம் சூடாகிக் கண்ணாடி போய்விடும். துணியால் பிடித்துத்தான் வைத்தேன்.

பொருத்தி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாமா இருட்டும் வரை காத்திருக்கச் சொன்னார்.

ஏழரைக்கு மேல், ஒர்க் ஷாப் பின்சுவரிலிருந்து சரியாக ஐந்து மீட்டர் தள்ளி, மட்டமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தினோம். டயர் காற்று பார்த்தாயிற்று. ஓட்டும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். மாமா விளக்கின் மையத்தைத் தரையிலிருந்து அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டி, அதற்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப் ஒட்டினார். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கீழ் டேப்பில் நிற்க வேண்டும். பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கம் என்பது கணக்கு.

எரியவிட்டால், வலது விளக்கு டேப்புக்கு ஒரு சாண் மேலே! பெட்டியிலிருந்து எடுத்த விளக்கு நேராகப் பார்க்கும் என்று யாரும் நம்பக்கூடாது. பின்னால் இருக்கும் ஸ்க்ரூவை மாமா கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினார். சுவரில் வெளிச்சம் மெதுவாக இறங்கி, வலப்பக்கம் தட்டையாகவும் இடப்பக்கம் சாலை ஓரத்தைக் காட்ட மேலே ஏறியும் நின்றது. பழைய விளக்கில் கோடு என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை, மூட்டம் மாதிரி இருக்கும். கத்தியால் கீறினாற்போல இருந்த அந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. இந்த முக்கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் புது லைட்டே மாட்ட வேண்டாம் என்பேன்.

அக்டோபர் 19, சனி

இரண்டு நாள் அடைமழை. வலது விளக்குக்குள் ஆவி படிந்து, அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர். லேசான ஆவி என்றால் விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் போய்விடும், காற்றுத் துளை இருக்கிறது. சொட்டு நின்றால் அது கோளாறு. பின்னால் கை விட்டுத் தடவினேன். ரப்பர் மூடியின் உதடு ஒரு பக்கம் மடங்கியிருந்தது. நான் போட்டதுதான். கழற்றிக் காயவைத்து, சுற்றிலும் விரலால் அழுத்தி உட்காரவைத்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

வலது விளக்கு உலர்ந்திருக்கிறது. நேற்றைய மழைக்குப் பிறகும்.

தீபாவளிப் பலகாரம் கொடுக்க அப்பாவை ஏற்றிக்கொண்டு நிபோங் திபாலில் அத்தை வீட்டுக்குப் போனேன். திரும்பும்போது மணி பத்து. நெடுஞ்சாலை வேண்டாம், சுங்கை பாக்காப் வழியே பழைய சாலையில் போ என்றார் அப்பா. நடுவில் தடுப்பு இல்லாத சாலை, எதிரில் லோரி வந்துகொண்டே இருக்கும். இடது ஓரப் புல், கல், சைக்கிளில் போன ஒரு பெரியவரின் செருப்பு வரை தெரிந்தது. எதிரில் வந்த ஒவ்வொரு வண்டியையும் அப்பா பார்த்துக்கொண்டே வந்தார். சிம்பாங் அம்பாட் தாண்டியதும், "ஒருத்தன்கூட லைட்டு அடிக்கல" என்றார்.