சோழர் கொடிவழிப் படம்: மூன்றாவது அட்டை

சோழர் கொடிவழியைச் சுவரில் ஒட்டும் அளவுக்குப் பெரிதாக வரையத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. இரண்டு சார்ட் அட்டைகள் வீணாயின.

முதல் அட்டையில் அரசர்களை மட்டும் மேலிருந்து கீழே இறக்கினேன். மகள்களுக்குப் பக்கவாட்டில் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். 1070-க்கு வந்ததும் படம் அறுந்துவிட்டது. அதிராஜேந்திரன் சில மாதங்களே ஆண்டு இறந்துபோகிறான். அடுத்து வரும் முதலாம் குலோத்துங்கனை எங்கே தொங்கவிடுவது? அவன் வடக்கே, ஆந்திரக் கரையில் கீழைச் சாளுக்கியர் ஆண்ட வேங்கி நாட்டிலிருந்து வந்தவன். நான் பாதியில் நிறுத்திய அந்தச் சிறு கோடுகளின் வழியாக வந்தவன்.

இரண்டாவது அட்டையில் மகள்களுக்கும் கட்டம் போட்டேன். குந்தவையில் சறுக்கியது. முதலாம் ராஜராஜனின் அக்காவும் குந்தவை, மகளும் குந்தவை. வேங்கி விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள் மகள். நான் அக்காவைக் கட்டிக்கொடுத்துவிட்டேன், அதுவும் பேனா மையில்.

இம்முறை பென்சில், குண்டூசி, நூல். சோழருக்குச் சிவப்பு, வேங்கிக்குப் பச்சை. இளைய குந்தவையின் மகன் ராஜராஜ நரேந்திரன் மணந்தது தாய்மாமன் முதலாம் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையை. அவர்கள் மகன் குலோத்துங்கன் மணந்தது தன் தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை. மூன்று தலைமுறையாகப் பெண் போனது அந்த ஒரே வீட்டுக்கு. நூல் கிளை பிரியாமல் சடைபோலப் பின்னிக்கொண்டே இறங்குகிறது. மாமன் மகள் முறை என்றால் ஏதோ குடும்பச் சங்கதிபோல ஒலிக்கிறது. ஆனால் கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட வேங்கி வளநாட்டின்மேல், மேற்கே கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கியருக்கும் கண். சோழர் அங்கே படையும் அனுப்பினார்கள், பெண்ணும் அனுப்பினார்கள்.

நேற்று கல்யாணிக்கு நீல நூல் எடுத்தேன். அந்த வீட்டோடு பலமுறை போரிட்ட சோழன் வீரராஜேந்திரன், அதே வீட்டின் ஆறாம் விக்கிரமாதித்தனுக்கு மகளைக் கொடுத்தான். வீரராஜேந்திரனின் மகனும் தன் மைத்துனனுமான அதிராஜேந்திரனுக்கு விக்கிரமாதித்தன் துணை நின்றும் பயனில்லை. பச்சை நூல்தான் வென்றது. இரண்டு பக்கமும் சம்பந்தி வீடுகள்!

நான் புரட்டிய புத்தகங்கள் எதிலும் நீல நூலுக்குரிய பெண்ணின் பெயர் இல்லை. பெயர்களுக்கென்று வெட்டிவைத்த கட்டத்தில் ‘வீரராஜேந்திரன் மகள்’ என்பது அடங்கவில்லை. நாளை அவளுக்கு மட்டும் அகலமாக ஒன்று வெட்ட வேண்டும்.