மாட்டுத்தொழுவத்தில் ஒரு மருந்து ஜாடி
நேற்று ராத்திரி தூக்கம் வராமல், ஃபிளெமிஷ் ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸ் வரைந்த போர்ட்டினாரி பலிபீட ஓவியத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயேசு பிறந்த காட்சி, 1475 வாக்கில் வரைந்தது. மெடிசி வங்கியின் புரூஜஸ் கிளையைக் கவனித்த தோமாசோ போர்ட்டினாரி, ஃபிளாரன்ஸில் ஒரு மருத்துவமனைத் தேவாலயத்துக்காக வரையச் சொன்னது. இப்போது அதே ஊரின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குழந்தை இயேசு தொட்டிலில் இல்லை, வெறுந்தரையில் கிடக்கிறார். பார்த்ததும் மனசு பதறுகிறது. ஆனால் என் கண் நின்றது அவருக்கு முன்னால், கீழே. ஒரு கோதுமைக் கட்டு. இயேசு பிறந்த ஊரான பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் 'அப்ப வீடு'. தேவாலயத்தில் கிறிஸ்துவின் உடலாகத் தரும் நற்கருணை அப்பமும் அதிலேயே அடங்கிவிடுகிறது. பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் கொலம்பைன் பூக்கள், மாதாவின் துயரத்துக்கு அடையாளம். கண்ணாடியை உடைக்காமல் ஒளி ஊடுருவுவதை மாதாவின் கன்னிமைக்கு உவமையாகச் சொல்வார்கள். இன்னொரு பூச்சாடி, அந்தக் காலத்து மருந்துக்கடை ஜாடி! நோயாளிகள் பார்க்கப்போகும் படம்தானே.

இடது பக்கம் கழற்றிப் போட்ட ஒரு மரச்செருப்பு. 'இது புனித பூமி, செருப்பைக் கழற்று' என்று மோசேயிடம் கடவுள் சொன்னது ஞாபகம் வரும். நமக்கு யாரும் விளக்கவே வேண்டாம்.

அப்புறம் அந்த இடையர்கள். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒருவர் வாய் பிளந்து, பல் தெரிய நிற்கிறார். சுற்றியிருக்கும் தேவதூதர்கள் எல்லாம் பட்டும் சரிகையுமாக, ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.