கழுத்தில் தொங்கும் கடிகாரம்

ஜூன் 9

தேசியத் தடகளப் போட்டிக்கு இன்னும் பதினோரு நாள். விடியற்காலை தேவனாம்பட்டினம் மணலில் ஓடவிட்டேன். பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடினார்கள். நான்தான் சரியில்லை. நேற்று மாலை மேலிடத்திலிருந்து போன்: "இந்த முறையாவது மெடல் வருமா சார்?" அந்த 'ஆவது' ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. காண்ட்ராக்ட் வேறு ஜூலையோடு முடிகிறது.

ஜூன் 11

அண்ணா விளையாட்டரங்கம், 400 மீட்டர் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டும் ஓட்டம். முதல் தடைக்கு 45 மீட்டர், அப்புறம் தடைக்குத் தடை 35. மொத்தம் பத்து. நம்ம பொண்ணு இடைவெளிக்கு 17 எட்டு வைப்பாள். எண்ணிக்கை பிசகினால் கால் மாறிவிடும், தடைக்கு முன்னால் குட்டி குட்டியாக எட்டுவைத்துத் தடுமாற வேண்டியதுதான். இன்று ஏழாவது தடையில் அதுதான் நடந்தது. மூன்று முறை. ஏழாவது தடை இரண்டாம் வளைவின் நடுவில் இருக்கிறது. நான் நிற்பதும் அங்கேதான்.

"ஏம்மா, அங்க மட்டும் என்ன ஆகுது?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "வாட்சைப் பாக்கறப்ப உங்க புருவம் சுருங்குது சார். அதைப் பாத்தா எனக்கு எண்ணிக்கை போயிடுது."

வீட்டுக்கு வரும்வரை வண்டிக் கண்ணாடியில் என் புருவத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13

மெடிக்கலில் பிபி பார்த்தேன். 150/96. "சோத்துத் தட்டு முன்னாடியாவது அந்த வாட்சைக் கழட்டுங்க" என்றாள் வீட்டுக்காரி. இங்கேயும் ஒரு 'ஆவது'.

லிவர்பூல் பயிற்சியாளர் ஜெரார் ஹூலியேவுக்கு 2001இல் ஆட்டத்தின் இடைவேளையில் நெஞ்சு வலித்தது. பதினோரு மணி நேர அறுவை சிகிச்சை. ஐந்தே மாதத்தில் மனிதர் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். வீரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1984 லாஸ் ஏஞ்சலஸில் இதே ஹர்டில்ஸில் உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டதை ஊரே பேசும். அன்றிரவு அவருடைய கோச் நம்பியார் சார் தூங்கினாரா என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 14

மன அழுத்தம் பற்றி லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1984இல் எழுதியதைப் பழைய நோட்டில் தேடி எடுத்தேன். மனசு முதலில் 'இதில் எனக்கு என்ன போகும்?' என்று கேட்கும், அடுத்து 'சமாளிக்க என்னிடம் என்ன இருக்கு?' என்று கேட்கும். கையிருப்பு குறைவு என்று பட்டால் அழுத்தம் ஏறும். சரி, எனக்கு என்ன போகும் என்று எழுதிப் பார்த்தேன். காண்ட்ராக்ட், பாஸாகாத ஸ்பைக்ஸ் பில், டிக்கெட், ஹர்டில்ஸ் பொண்ணின் அப்பா போன்... ஓட்டம் ஒரே ஒரு வரி.

கொஞ்சம் பிரஷர் இருந்தால்தான் நல்லது என்று முகாமுக்கு முகாம் ஒரு வளைகோடு காட்டுவார்கள். அதன் மூலம் 1908இல் சுண்டெலிகளுக்கு ஷாக் கொடுத்துச் செய்த சோதனை. என்னத்தைச் சொல்ல.

ஜூன் 17

இன்று வாட்சை ஜூனியர் பையனிடம் கொடுத்து முடிவுக்கோட்டில் நிற்கச் சொன்னேன். வெறுங்கையோடு வளைவில் நின்றால் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டேன். ஏழாவது தடை, 17 எட்டு, சுத்தமாகத் தாண்டினாள். எட்டாவதும் அப்படியே.

"எவ்வளவுடா?" என்று ஓடினேன்.

பையன் திருதிருவென்று விழித்தான். வாட்சை அமுக்க மறந்துவிட்டான்.

இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சார், புருவம்."