மைலோ டின்னில் என் கண் மருந்து

முகநரம்பு வலிக்குக் கார்பமசெபின் மாத்திரை எடுக்க ஆரம்பித்த 16-ஆம் நாள் காய்ச்சல் வந்தது. தொண்டை எரிந்தது, இரண்டு கண்ணும் சிவந்தன. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கிளினிக்கில் கண் நோவு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் மார்பெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள். முகம் துடைத்த துண்டில் தோல் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அம்மா டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்றார் டாக்டர். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரியும் நோய். மாத்திரை அன்றே நின்றது. தோல் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. கண்தான் இன்றுவரை தொடர்கிறது.

தோல் டாக்டர் இரண்டாம் நாளே கண் டாக்டரை வார்டுக்கு வரவழைத்தார். அதற்கு நான் காலத்துக்கும் கடன்பட்டவள். புண்ணான இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் கண்ணாடிக் குச்சியால் பிரித்துவிட்டார்கள். வலி உயிர் போகும். அப்புறம் பனிக்குடச் சவ்வை விழிமேல் போர்த்தித் தைத்தார்கள். சிசேரியனில் பிள்ளை பெற்ற யாரோ ஒரு தாய் கொடுத்த சவ்வு. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வலக்கண் தப்பியது. இடக்கண்ணில் கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் ஓரத்து ஸ்டெம் செல்கள் கொஞ்சம் அழிந்துபோயின. இரண்டிலும் கண்ணீர் வற்றிவிட்டது.

இப்போது என் இரத்தமே எனக்கு மருந்து. கையில் இரத்தம் எடுத்து, உறையவிட்டு, மெஷினில் சுற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை உப்புநீர் கலந்து சின்னச் சின்னப் புட்டிகளில் அடைத்துத் தருகிறார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஃப்ரீசரில் மீன் பொட்டலங்களோடு கலந்துவிடாமல் இருக்க அம்மா ஒரு மைலோ டின்னை ஒதுக்கியிருக்கிறார். ஒவ்வொரு புட்டியாகக் கீழ்த்தட்டில் இளக வைத்து, கண்ணில் விட்டுக்கொள்கிறேன். முதல் சொட்டு விழுந்ததும் மணல் உறுத்தல் அடங்கும். அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது.

என் உடம்பில் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருப்பது பிறகுதான் தெரிந்தது. 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் பார்த்தபோது, இந்த மாத்திரையால் நோய் கண்ட 44 பேரிடமும் அது இருந்தது. இரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். கார்பமசெபின் எழுதினால் அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். புது மருந்துக்குப் பிறகு காய்ச்சலும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கண் டாக்டரையும் கூப்பிடச் சொல்லுங்கள்.

டின்னில் இன்னும் நான்கு புட்டி இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி இரத்தம் கொடுக்கப் போகிறேன்.