ஆறாவது தாளில் வானம் பச்சையாகவில்லை

வாட்டர்கலரில் ஐந்து தாள் வீணான பிறகு நேற்றுத்தான் தரங்கம்பாடி வானம் ஒழுங்காக வந்தது. கோயில் இல்லை, கடல் இல்லை, மணல் இல்லை. வானம் மட்டும்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோட்டைப் பக்கம் நின்று வடக்கே பார்த்தால் மாசிலாமணிநாதர் கோயில், வலப்புறம் கடல். ஜூனில் எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் வரைகிறேன். அப்போது சூரியன் வடகிழக்காக எழும். வெளிச்சம் கோயிலை ஒட்டியே வரும். தை மாதம் போயிருந்தால் முதுகுப் பக்கம் போயிருக்கும்.

கீழே மஞ்சள், மேலே நீலம், சந்திக்கிற இடத்தில் பச்சை. முதல் மூன்று தாளிலும் அடிவானத்துக்கு மேல் புதினாச் சட்னிதான். தேலோ நீலம் எடுத்தது என் மடத்தனம். அதுவே பச்சைச் சாயல், தாளில் ஏறினால் இறங்கவும் செய்யாது. ஊதாச் சாயலுள்ள அல்ட்ராமரைன் நீலத்துக்கு மாறினேன், அழுக்குச் சாம்பல் வந்தது. ஐந்தாவதில் நிறம் சரி, ஆனால் பாதி காய்ந்த இடத்தில் பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டி, நிறம் ஓரமாக ஒதுங்கிக் காலிஃபிளவர் மாதிரி கறை பூத்துவிட்டது.

ஆறாவதில் அவசரப்படவில்லை. முதல் நாள் மஞ்சளும், அதற்கு மேலே நாலு விரல் அகலத்துக்குப் பெர்மனன்ட் ரோஸ் என்ற இளஞ்சிவப்பும் மட்டும். ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். புறங்கை வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. இந்தக் கடற்காற்றில் அதற்கே விடிந்துவிட்டது. காலையில் ஹேக் பிரஷ்ஷால், அதாவது அகலமான மென்மயிர்ப் பிரஷ்ஷால், சுத்தமான தண்ணீர், ஒரே இழுப்பு, அழுத்தாமல். மறுபடி இழுத்தால் அடியிலுள்ள ரோஸ் கிளம்பி வரும். பிறகு மேலிருந்து அல்ட்ராமரைன், ரோஸின் நடுவோடு நிறுத்தம். நீலம் மஞ்சளைத் தொடவே இல்லை. இடையில் இளம் ஊதா ஒரு பட்டை, அதில் அல்ட்ராமரைன் மணல் மணலாகப் படிந்திருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் காபி ஆறிவிட்டது.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், முழுப் பருத்தி. 22க்கு 30 அங்குலத் தாளாக வாங்கி நாலாக வெட்டிக்கொள்கிறேன், ஓரம் ஒட்டி அட்டையாக வரும் பிளாக்கைவிட மலிவு. போன மாதம் ஆன்லைனில் ஒருவர் பருத்தி என்று அனுப்பிய தாள், வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்கப் பூசி அப்புறம் உரித்தெடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட்டோடு தோலாக உரிந்து வந்தது. அந்த எரிச்சலில்தான் அலைமேல் மினுக்கத்துக்கு இந்த முறை பிளேடால் சுரண்டலாமா என்று யோசிக்கிறேன்.

அதற்குள் மனசு அடுத்த படத்துக்குப் போய்விட்டது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, காலை வெயில் பட்ட சுவர், அரைத் தாள் அளவில். அதற்கு எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் நிறைய வேண்டும். என் ட்யூப் கல்லாகிக் கிடந்தது. வயிற்றைக் கிழித்து வெந்நீரில் போட்டு வைத்திருக்கிறேன்.